அப்பா அம்மாவ மதிக்கணும், நானாவும் இருக்கணும், ரெண்டும் சேந்து நடக்குமா?

மரத்தூள்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன்தான், எழுதுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 33 வயசு. ஏழு மாசம் முன்னாடி வேலைய விட்டுட்டேன். பத்து வருஷம் பாத்த வேலை, யாரும் போகச் சொல்லல, நானாத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இப்ப மரவேலை பண்றேன். அலமாரி, மேஜை, கட்டில். சின்ன வயசுல இருந்து மனசுல கிடந்தது, லீவு நாள்ல மட்டும் பண்ணிட்டு இருந்தேன், ஒரு கட்டத்துல இதுதான் நான், மத்தது வேஷம்னு தெளிவா தெரிஞ்சு போச்சு. மனைவிகிட்ட பேசித்தான் முடிவெடுத்தேன், ஒரு வருஷத்துக்கு தாங்குற மாதிரி சேமிப்பும் இருக்கு. அதனால இது அவசரத்துல பண்ணது இல்ல.

பிரச்சனை என்னன்னா அப்பா அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா 31 வருஷம் கணக்குப் பிரிவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். எனக்கு வேலை கிடைச்சப்ப நான் குடுத்த விசிட்டிங் கார்ட மணிபர்ஸ்ல வச்சிருக்கார், இன்னைக்கும் வச்சிருக்கார், ஓரமெல்லாம் நைஞ்சு எழுத்து மங்கிப் போச்சு. போன தடவை பாத்தப்ப "புது கார்டு அடிச்சா ஒண்ணு குடுடா, இது கிழிஞ்சிரும் போல" அப்படின்னார். நான் சரிப்பான்னு சொல்லிட்டேன்.

தினமும் ராத்திரி 9 மணிக்கு வீடியோ கால் வரும். 8:40 ஆனா நான் பட்டறைய மூடிட்டு வந்து கை கழுவ ஆரம்பிப்பேன். பாலிஷ் கறை நகத்துக்குள்ள போயிருச்சுன்னா சோப்புக்கு வராது, பழைய டூத் பிரஷ் வச்சு தேய்க்கணும். அப்புறம் இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு உக்காருவேன். "ஆபீஸ் எப்டி போகுது"ம்பார், "வேலை ஜாஸ்திப்பா"ம்பேன். கைய கேமராவுக்கு கீழயே வச்சுப்பேன்.

இப்படியே ஓட்டிரலாம்னுதான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை என் பொண்ணு, அஞ்சு வயசு, கால் வர்றதுக்கு முன்னாடி பக்கத்துல வந்து உக்காந்துகிட்டு கேட்டா: "அப்பா, இன்னைக்கு தாத்தாகிட்ட என்ன சொல்லக்கூடாது?"

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அவங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் மறைக்கிறேன், அதுவும் ஒரு மரியாதைதானேன்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம் இவ்ளோ பொய் சொல்லிட்டு அத மரியாதைன்னு எப்படி சொல்லிக்கிறதுன்னு இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நாலாவது மாடி

தம்பி, நான் வெளிப்படையாவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பாவுக்கு என்ன 65, 68 இருக்குமா? இந்த வயசுல அவருக்கு நிம்மதிய விட பெருசா நீங்க என்ன குடுத்துட முடியும். உங்க மனசு லேசாகறதுக்காக அவர் தலையில பாரத்த இறக்கி வைக்கறது எந்த ஊர் நியாயம்? எங்க அப்பா படுக்கையில இருந்தப்ப எங்க அண்ணன் பிசினஸ்ல விழுந்துட்டான், நாங்க யாரும் அப்பாகிட்ட மூச்சு விடல, கடைசி வரைக்கும் பெரியவன் நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிட்டே போய்ச் சேந்தார். அதுல எனக்கு இன்னைய வரைக்கும் வருத்தம் கிடையாது. நீங்க சம்பாதிச்சு நிலைச்சு நின்னதுக்கு அப்புறம் சொல்லுங்க, அப்ப அது நல்ல சேதியாவே போய்ச் சேரும்.

செந்நிலா

நாலாவது மாடி அண்ணா சொல்றது சாகக் கிடக்கிறவருக்கு சரி. மரத்தூளோட அப்பா தினமும் 9 மணிக்கு கால் பண்றவர், நல்லா இருக்கறவர். ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாதுங்க. நிலைச்சு நின்னதுக்கு அப்புறம்னா எத்தன வருஷம்? அது வரைக்கும் அந்தக் குழந்தை பொய் சொல்லப் பழகணுமா?

ஆனா எப்படி சொல்றதுங்கறதுல நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க அத பண்ணாதீங்க. எனக்கு 36. கல்யாணம் வேண்டாம்னு முடிவு பண்ணி எட்டு வருஷம் ஆச்சு. முதல் நாலு வருஷம் அம்மாகிட்ட "பாக்கலாம்மா", "அடுத்த வருஷம்மா"ன்னே சொல்லிட்டு இருந்தேன். முடியாதுன்னு சொல்ல தைரியம் இல்ல. ஒவ்வொரு "பாக்கலாம்"லயும் அம்மா ஒரு நம்பிக்கைய கட்டிக்கிட்டே வந்திருக்காங்க, அது எனக்கு தெரியல. கடைசியில ஒரு நாள் சொந்தக்காரங்க பத்து பேர் இருக்கிற இடத்துல யாரோ ஏதோ கேட்கப் போய் நான் வெடிச்சுட்டேன், "எனக்கு கல்யாணமே வேண்டாம், இனிமே யாரும் கேக்காதீங்க"ன்னு. அம்மா அந்த இடத்துலயே உக்காந்துட்டாங்க.

நான் சொன்னது உண்மைதான். ஆனா நாலு வருஷம் தள்ளிப் போட்ட உண்மை, பத்து பேர் முன்னாடி வந்து விழுந்துச்சு. அம்மாவுக்கு வலிச்சது முடிவு இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு தெரிஞ்சது. "எனக்குன்னு தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நானும் மத்தவங்களும் ஒண்ணா உனக்கு"ன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னைக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

சீக்கிரம் சொல்லுங்க, தனியா சொல்லுங்க, கோவம் இல்லாத நேரத்துல சொல்லுங்க. அவ்ளோதான்.

மரத்தூள்

செந்நிலா, "ஒவ்வொரு பாக்கலாம்லயும் ஒரு நம்பிக்கைய கட்டிக்கிட்டே"... இது அப்படியே எனக்கு சொன்ன மாதிரி இருக்கு. போன மாசம் புரமோஷன் எப்பன்னு கேட்டார். வரும்பான்னு சொன்னேன்.

வழித்துணை

நல்ல இழை. இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. நாம பெத்தவங்கள மதிக்கறதுன்னாலே சொன்ன பேச்ச கேக்கறதுன்னு எடுத்துக்கறோம். தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லைன்னு படிச்சே வளந்தோம். ஆனா உலகத்துல பெத்தவங்கள தெய்வமா வைக்கச் சொன்ன மரபுகள எடுத்துப் பாத்தா, அவங்களே இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க.

நம்ம திருக்குறள்லயே 656வது குறள பாருங்க. பெத்தவ பசிய கண்ணால பாக்குற நிலைமை வந்தாலும் சான்றோர் பழிக்கிற காரியத்த செய்யாதேன்னு சொல்றார். அம்மா பசிய தீக்கறத விட பெரிய கடமை ஒரு பிள்ளைக்கு வேற எதுவும் கிடையாது, அத வச்சே ஒரு எல்லை போட்டுட்டார்.

சீனாவோட கன்பூசியஸ் மரபு, பெத்தவங்க மேல பக்திங்கறத ஒழுக்கத்துக்கே அடிப்படையா வச்ச மரபு. அதுல கூட பெத்தவங்க தப்பு பண்ணா மெதுவா எடுத்துச் சொல்லு, கேக்கலைன்னாலும் மரியாதை குறையாம இருன்னுதான் இருக்கு. அப்பா சொன்னதையெல்லாம் கேட்டா நல்ல பிள்ளையான்னு ஒரு சீடன் கேட்கறப்ப, இது என்ன பேச்சுன்னு கண்டிச்சு, எடுத்துச் சொல்ற பிள்ளை இருந்தாத்தான் அப்பன் அநியாயத்துல விழமாட்டான்னு பதில் வருது.

யூத மரபுல இன்னும் நுணுக்கமா பிரிச்சிருக்காங்க. பெத்தவங்கள கௌரவிக்கறதுன்னா என்னன்னு தால்முதுங்கற அவங்களோட பழைய சட்ட விளக்க நூல்ல பட்டியலே இருக்கு: சாப்பாடு குடு, தண்ணி குடு, உடுத்தி விடு, போத்தி விடு, கைபிடிச்சு உள்ள கூட்டிட்டு வா, வெளிய கூட்டிட்டு போ. எல்லாமே உடம்பால செய்யுற வேலை. பயபக்தின்னு தனியா ஒண்ணு சொல்றாங்க, அவங்க இடத்துல உக்காராதே, அவங்க பேச்ச முகத்துக்கு நேரா மறுக்காதேன்னு. அதே மரபுல 16ம் நூற்றாண்டுல எழுதின சட்டத் தொகுப்புல, மகன் தனக்குப் பிடிச்ச பொண்ண கட்டிக்கறத அப்பா தடுத்தா அவன் கேக்க வேண்டியது இல்லைன்னும் ஒரு குறிப்பு இருக்கு. குர்ஆன்லயும் 31வது அத்தியாயத்துல, நம்பிக்கைக்கு விரோதமா பெத்தவங்க கட்டாயப்படுத்தினா கீழ்ப்படியாதே, ஆனா இந்த உலகத்துல அவங்களோட நல்ல விதமா சேந்து இருன்னு ரெண்டும் ஒரே வசனத்துல வருது.

இவ்ளோவும் ஏன் சொல்றேன்னா, அப்பா சொன்ன வேலைய விட்டதால நீங்க மரியாதை இல்லாத பிள்ளைன்னு ஆயிடல. அவங்களுக்கு முடியாம போற நாள்ல பக்கத்துல இருந்து பாத்துக்கறீங்களா, உங்க பேச்சுல அலட்சியம் வராம இருக்கா, கணக்கு அங்கதான் இருக்கு.

நாலாவது மாடி

வழித்துணை, நீங்க படிச்சவர், நான் மறுத்துப் பேசல. ஆனா அந்தப் பட்டியல்ல மனச நோகடிக்காதேன்னு தனியா இல்லைன்னாலும் அதுதான் எல்லாத்துக்கும் அடியில இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

ரெண்டாம் வாசல்

நான் வேற மாதிரி வீட்டுல இருந்து வர்றவன், அதையும் பதிஞ்சு வைக்கணும்னு தோணுது. எங்க அப்பா கை நீட்டுவார். பெல்ட், விறகு, கையில எது கிடைக்குதோ அது. அம்மாவையும் சேத்துத்தான். 22 வயசுல வீட்ட விட்டு வெளிய வந்தேன், இப்ப 41. இந்த மாதிரி பேச்சு வர்றப்ப எல்லாம் "என்ன இருந்தாலும் பெத்தவர்"னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த வரியாலயே நான் ரொம்ப வருஷம் செத்துப் பிழைச்சேன்.

இப்ப நான் பண்றது இதுதான். மாசாமாசம் மருந்து செலவுக்கு பணம் அனுப்பறேன், ஒரு மாசம் தவறினது கிடையாது. ஆஸ்பத்திரியில சேத்தப்ப போய் ரெண்டு ராத்திரி இருந்தேன். ஆனா தனியா அவர் கூட ஒரே ரூம்ல உக்காந்து பேச மாட்டேன், என் பசங்கள அங்க விட மாட்டேன். அவரப் பத்தி என் பசங்ககிட்ட கேவலமா ஒரு வார்த்தை பேசினதும் இல்ல, நல்லவர்னு பொய் சொன்னதும் இல்ல. "தாத்தாவுக்கு கோவம் வந்தா அடிப்பார், அதனால நாம தள்ளி இருக்கோம்", இவ்ளோதான் சொல்லி வச்சிருக்கேன். இது போதுமா போதாதான்னு எனக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்க வேண்டாம், என்னால நேர்மையா பண்ண முடியறது இதுதான்.

மரத்தூள், உங்க அப்பா உங்க கார்ட பர்ஸ்ல வச்சிருக்கற மனுஷன். பயப்படறதுக்கு உங்களுக்கு காரணம் ரொம்ப கம்மி. இத குத்தமா சொல்லல, நிஜமாவே நம்பிக்கையா சொல்றேன்.

செந்நிலா

ரெண்டாம் வாசல் அண்ணா, நீங்க பசங்ககிட்ட சொல்ற அந்த ஒரு வரி... எவ்ளோ நியாயமான வரி அது.

கேட்பவள்

நான் குடும்ப ஆலோசகரா வேலை பாக்கறேன், பதினாலு வருஷமா. ரெண்டாம் வாசல் சொன்னதோட ஆரம்பிக்கறேன். அடி உதை இருந்த வீட்டுக்கும் மத்த வீட்டுக்கும் ஒரே அளவுகோல வைக்கக் கூடாது, அங்க முதல்ல பாதுகாப்பு, மத்ததெல்லாம் அப்புறம். அவர் பண்ணிட்டு இருக்கறது வெட்டிக்கிட்டு போறதும் இல்ல, மாட்டிக்கிட்டு கிடக்கறதும் இல்ல. கண்ணத் திறந்துகிட்டு எடுத்த முடிவு.

இப்ப மரத்தூளுக்கு. எங்க துறையில முர்ரே போவென்னு ஒருத்தர், அமெரிக்க மனநல மருத்துவர், 1990ல இறந்துட்டார். 1954ல இருந்து 1959 வரைக்கும் அங்க இருக்கிற தேசிய மனநல நிறுவனத்துல, நோயாளிய மட்டும் இல்லாம குடும்பத்தையே வார்டுல தங்க வச்சு கவனிச்சவர். அவரோட முக்கியமான கருத்த நம்ம பேச்சுல சொல்லணும்னா, குடும்பத்தோட ஒட்டியும் இருக்கணும், அதே நேரம் தன் மனசு என்ன நினைக்குதுன்னு தெரிஞ்சு அத நிதானமா சொல்லவும் முடியணும். இந்த திறமை ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும்ங்கறார். எல்லாரும் நினைக்கறது என்னன்னா, ஒண்ணு அடங்கிப் போகணும், இல்லைன்னா சண்டை போட்டு கிளம்பிரணும். அவர் சொல்றது இந்த ரெண்டும் ஒரே நோயோட ரெண்டு முகம். பெத்தவங்கள விட்டு எங்கயோ தூரமா ஓடிப் போனவனும் வீட்ட விட்டே நகராதவனும் உள்ளுக்குள்ள ஒரே அளவு கட்டுண்டுதான் கிடக்கறாங்கன்னு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, அவர் இத மத்தவங்களுக்கு மட்டும் சொல்லல. தன் சொந்த அப்பா அம்மா கூடப் பொறந்தவங்க நடுவுலயே போய் செஞ்சு பாத்தார். 1967ல ஒரு மாநாட்டுல, கூடியிருந்த டாக்டருங்க முன்னாடி தத்துவம் பேசாம தன் வீட்டுக் கதையவே சொன்னார். அது 1972ல அச்சுல வந்தப்ப பேர் போடாமத்தான் வந்துச்சு. அவ்ளோ பெரிய ஆளுக்கே சொந்த வீட்டுல நானா நிக்கறது கஷ்டமா இருந்திருக்கு பாருங்க.

என் அனுபவத்துல பாத்தது ஒண்ணு. முப்பது நாப்பது வயசுல எங்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அப்பா அம்மாவோட சண்டை போடறவங்க இல்ல. சண்டையே போடாதவங்க. எல்லாத்துக்கும் சரி சொல்லிட்டு வேற ஒரு வாழ்க்கைய மறைவா வாழறவங்க. அவங்க சொல்ற வார்த்தை கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "அம்மா என் மேல உயிரா இருக்காங்க, ஆனா எனக்கு அது வந்து சேரவே மாட்டேங்குது." எப்படி வந்து சேரும்? அந்த பாசம் முழுக்க நீங்க காட்டுற அந்த இன்னொரு ஆளுக்குத்தானே போகுது. இஸ்திரி சட்டைக்குப் போகுது.

சொல்றப்ப ஒரு சின்ன விஷயம் மட்டும் கவனிங்க. "நான் வேலைய விட்டது சரிதானேப்பா"ன்னு கேட்டு நிக்காதீங்க. அது அவர்கிட்ட தீர்ப்பு கேக்கறது, குடுத்துட்டார்னா அப்புறம் அவரோட தீர்ப்போட சண்டை போடுவீங்க. "நான் இத பண்ணியிருக்கேன், உங்ககிட்ட மறைச்சேன், மறைச்சது தப்பு." இவ்ளோதான். வேலைய விட்டதுக்கு மன்னிப்பு கேக்காதீங்க, மறைச்சதுக்கு கேளுங்க. அவர் கோவப்பட்டா கோவப்படட்டும், அந்த கோவத்த உடனே துடைக்கப் பாக்காதீங்க, அது அவரோடது.

மரத்தூள்

"இஸ்திரி சட்டைக்குப் போகுது." இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுந்து வெளிய போயிட்டு வந்தேன்.

ஒரு கேள்வி. மனைவிக்கும் இதுல பங்கு இருக்கு. அம்மா அவகிட்டயும் கேப்பாங்க, அவளும் எனக்காக பொய் சொல்லியிருக்கா. விஷயம் தெரிஞ்சா "மருமக சேந்து மறைச்சுட்டா"ன்னு அவ மேல திரும்புமோன்னு பயமா இருக்கு.

கேட்பவள்

திரும்பும், வாய்ப்பு இருக்கு. அதனால முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே சொல்லிடுங்க, மறைக்கச் சொன்னது நான், அவளுக்கு இதுல இஷ்டமே இல்லைன்னு. உங்க அப்பா அம்மாகிட்ட பேச வேண்டிய கஷ்டமான பேச்ச எப்பவும் நீங்களே பேசுங்க. மனைவிய அனுப்பாதீங்க, தங்கச்சிய தூது விடாதீங்க.

ஓய்வு 61

நான் இங்க படிக்க மட்டும்தான் வருவேன். இத படிச்சிட்டு கை சும்மா இருக்கல. நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது பெத்தவ. வயசு 61, ரெண்டு பிள்ளைங்க.

என் மக மூணு வருஷம் என்கிட்ட ஒரு விஷயத்த மறைச்சா. என்ன விஷயம்னு வேண்டாம், அது அவளோடது. அவ மறைக்கறான்னு எனக்கு தெரியும். பெத்தவளுக்கு தெரியாதா. போன்ல குரல் ஒரு மாதிரி வழவழன்னு இருக்கும், எல்லாத்துக்கும் "நல்லா இருக்கேம்மா" வரும், நல்லா இருக்கறவ எவளாவது அவ்ளோ தடவை நல்லா இருக்கேன்னு சொல்லுவாளா. நான் கேக்கல. கேட்டா இன்னும் ஒரு பொய் சொல்ல வைக்கற மாதிரி ஆயிடுமேன்னு கேக்கல. அப்ப நானும் தெரியாத மாதிரி நடிச்சேன். அவ என்னைய காப்பாத்தறதா நினைச்சா, நான் அவள காப்பாத்தறதா நினைச்சேன், ரெண்டு பேரும் மூணு வருஷம் காலியான பாத்திரத்த மாத்தி மாத்தி கழுவி வச்சிருக்கோம்.

சொன்னப்ப நான் கத்தினேன். பொய் சொல்லல, நல்லாவே கத்தினேன். ரெண்டு வாரம் பேசல. ஆனா அந்த ரெண்டு வாரத்துல என் மனசுல ஓடினது அவ பண்ண காரியம் இல்ல தம்பி. மூணு வருஷம் என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன், எங்க பயப்பட வச்சேன், எந்த நாள்ல என் முகத்த அப்படி வச்சுக்கிட்டேன்னு தேடிக்கிட்டே இருந்தேன். அவ ஒன்பதாவது படிக்கறப்ப ஒரு தடவை மார்க் கம்மியா வந்துச்சு, நான் ரெண்டு நாள் அவளோட பேசாம இருந்தேன். அது ஞாபகத்துக்கு வந்துச்சு. அடிக்கக் கூட இல்ல, பேசாம இருந்தேன். புள்ளைங்க அத மறக்கறதில்ல.

நாலாவது மாடி தம்பி சொல்றதுல பாசம் இருக்கு, அத நான் தப்பா சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்கு வயசாகுதுன்னு எங்ககிட்ட இருந்து ஒவ்வொண்ணா எடுத்துடறீங்க. வண்டி ஓட்டாதீங்க, படி ஏறாதீங்க, பணம் எடுக்க தனியா போகாதீங்க. சரி. உண்மையையும் எடுத்துட்டா அப்புறம் எங்கள என்னத்துக்கு பெத்தவங்கன்னு வச்சிருக்கீங்க? பொம்மைக்கு முன்னாடிதான் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்ல.

தம்பி மரத்தூள், உங்க அப்பா கோவப்படுவார். படட்டும். அவர் 31 வருஷம் கணக்கு எழுதியே உங்கள ஆளாக்கியிருக்கார், அந்த வேலையத்தான் நீங்க வேண்டாம்னு சொன்ன மாதிரி அவருக்கு படும். அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும்னா, அவர் கிட்ட இருந்து உங்களுக்கு என்ன வந்துச்சோ அத சொல்லுங்க. சும்மா வாய்க்கு சொல்லாதீங்க, நிஜமா வந்தது எதுவோ அத.

நாலாவது மாடி

அம்மா, உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன். எங்க அப்பா கடைசி வாரத்துல அண்ணன பத்தி எங்கிட்ட ஒரு தடவை கேட்டார், "பெரியவன் முகம் சரியில்லையே"ன்னு. நான் அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பான்னு போர்வைய இழுத்து விட்டேன். அவருக்கு தெரிஞ்சிருக்குமோன்னு இப்ப முதல் தடவையா தோணுது.

ஓய்வு 61

தெரிஞ்சிருக்கும் தம்பி. நீங்க சொல்லாததும் பாசத்துலதான்னும் தெரிஞ்சிருக்கும்.

வழித்துணை

இதுக்கு அப்புறம் நான் குறிப்பு எடுத்து எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அம்மா சொன்னதுக்கு பொருத்தமா ஒண்ணே ஒண்ணு. தைவான்ல குவாங்ஹுய் யே, ஒல்வென் பெட்ஃபோர்ட்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 2003ல பெத்தவங்க மேல இருக்கற பக்திய ரெண்டு இழையா பிரிச்சுக் காட்டினாங்க. ஒண்ணு, அவங்க நமக்கு செஞ்சதுக்கு மனசார வர்ற நன்றி, நெருக்கம். இன்னொண்ணு, அவங்க பெரியவங்க, நம்ம ஆசைய அடக்கிக்கிட்டு அடங்கிப் போகணும்ங்கற கட்டுப்பாடு. ஒரே ஆள்கிட்ட ரெண்டுமே இருக்கும். நாம கட்டுப்பாட்ட விட்டா நன்றியும் சேந்து போயிடும்னு பயப்படறோம். ஆனா அது தனி, இது தனி.

மரத்தூள்

ஒம்போது நாள் ஆச்சு. சொல்லிட்டேன்.

போன்ல வேண்டாம்னு நேர்லயே போனேன். தனியா போனேன். சட்டை மாத்தல, வேலை பாக்கற சட்டையோடவே போனேன், கைய கழுவினேன் ஆனா பிரஷ் போட்டு தேய்க்கல. அம்மாதான் முதல்ல பாத்தாங்க, "என்னடா கை இப்படி இருக்கு"ன்னு பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. உள்ளங்கையில காப்பு காச்சிருக்கு, கட்டை விரல்ல உளி பட்ட தழும்பு ஒண்ணு இருக்கு. அப்பா பேப்பர கீழ வச்சார். அப்புறம் தள்ளிப் போட முடியல, சொல்லிட்டேன். கேட்பவள் சொன்ன மாதிரிதான், வேலைய விட்டேன், ஏழு மாசம் ஆச்சு, மறைச்சது தப்பு, மறைக்கச் சொன்னது நான், அவளுக்கு இஷ்டமே இல்லைன்னு. குரல் நடுங்குச்சு, நடுங்கட்டும்னு விட்டுட்டேன்.

அம்மா அழுதாங்க. அப்பா ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் பேசல. நான் அம்மா சொன்னத (ஓய்வு 61 அம்மா) மனசுல வச்சுக்கிட்டுத்தான் போனேன். அதனால ஒண்ணு சொன்னேன். சின்னப் பையனா இருந்தப்ப ராத்திரி அப்பா பேரேடு எழுதறத பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒரு பைசா இடிச்சாலும் தூங்கப் போக மாட்டார், திரும்ப மேல இருந்து கூட்டிட்டு வருவார். "ஒரு பைசாதானேப்பா"ன்னு நான் ஒரு தடவை கேட்டதுக்கு, "ஒரு பைசா இல்லடா, எங்கயோ ஒரு வரி தப்பா இருக்கு"ன்னார். நான் ஒரு அலமாரி கதவு அரை மில்லி இடிச்சாலும் கழட்டி திரும்ப இழைக்கறேன்பா, அது உங்ககிட்ட இருந்து வந்ததுதான்னு சொன்னேன். அத நான் அவர சமாதானப்படுத்தறதுக்காக சொல்லல, இழைப்புளி பிடிச்சு நிக்கறப்ப எல்லாம் எனக்கு அது தோணும்.

அவர் எழுந்து உள்ள போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி கால் வரல. மறுநாளும் வரல. மூணாவது நாள் அம்மா மட்டும் பண்ணாங்க, அப்பா தூங்கறார்னாங்க, பின்னாடி டிவி சத்தம் கேட்டுச்சு. என் பொண்ணு வழக்கம் போல பக்கத்துல வந்து உக்காந்தா. இன்னைக்கு என்ன சொல்லக்கூடாதுன்னு கேட்டா. ஒண்ணும் இல்ல, எல்லாம் சொல்லலாம்னேன். அவ பாட்டிகிட்ட அப்பா அவளுக்கு ஒரு சின்ன ஸ்டூல் செஞ்சத பத்தி கால் மணி நேரம் பேசினா.

ஆறாவது நாள் அப்பா கிட்ட இருந்து ஒரு மெசேஜ். "ஏழு மாச வரவு செலவு எழுதி அனுப்பு." அவ்ளோதான், வேற ஒரு வார்த்தை இல்ல.

எனக்கு முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, 33 வயசுல கணக்கு காட்டணுமான்னு. மனைவிகிட்ட காட்டினேன். "அவருக்கு தெரிஞ்ச பாஷையில பேசறார்"னா. உக்காந்து எழுதினேன். நல்லா காட்டணும்னு கை துறுதுறுன்னுச்சு, ரெண்டு மாசம் வரவே இல்லாத மாசம், அதுல ஏதாவது சேத்து எழுதிரலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. எழுதல. ரெண்டு இடத்துலயும் சைபர்னே போட்டேன். கெட்டுப் போன ஒரு பலகைக்கு ஆன நஷ்டத்தையும் எழுதினேன். நாலு பக்கம் வந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

செந்நிலா

அப்புறம்??

மரத்தூள்

நேத்து திரும்பி வந்துச்சு. பிரிண்ட் எடுத்து சிவப்பு பேனாவுல திருத்தி அத போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். மூணாவது மாசம் கூட்டல் தப்பு. கருவி வாங்கினத செலவுல எழுதியிருந்தேன், அத வட்டம் போட்டு "இது செலவு இல்ல, முதல்"னு பக்கத்துல எழுதியிருக்கார்.

போன்ல இன்னும் வரல. இன்னைக்கு நாலாவது மாசத்துல இருந்து திரும்ப எழுதிட்டு இருக்கேன்.